மழைக்கால உணவுப் பொருள் உதவி: எப்போதும் விடுபடுகிற வீடுகளை முதலில் கொண்டுவருவது எப்படி?

ஏரிக்கரை_வாசகர் கேட்டது:

வணக்கம். திருவள்ளூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் வேலையில்லாத வீடுகளுக்கு உணவுப் பொருள் கொடுக்க எங்கள் வாசகர் வட்டம் 1,50,000 ரூபாய் திரட்டியிருக்கிறது. மாதம் 500 ரூபாய்க்கு ஒரு பை, 100 குடும்பம் என்பது இப்போதைய திட்டம்.

ஊருக்குள் 400 வீடு இருக்கும். காலனியில் 90. ஏரிக்கரைப் புறம்போக்கில் இருளர் குடும்பங்கள் 30 போல. அரிசி ஆலைகளில் பீகார் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். போன முறை பட்டியலை ஊர்ப் பெரியவர்களிடம் வாங்கிக் கொடுத்தோம். பை வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு நிலமும் ரேஷன் அட்டையும் இருந்தன, ஏரிக்கரையில் மூன்றே வீட்டுக்குத்தான் போனது. அது திரும்ப நடக்கக் கூடாது.

பட்டியல் எப்படி எடுப்பது? பைக்குள் என்ன வைப்பது? வாங்குகிறவர் கூனிக் குறுகாமல் கொடுப்பது எப்படி? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நியாயவிலை_72:

தோழர், 100 என்ற எண்ணை முதலில் தள்ளி வையுங்கள். எண்ணை முடிவு செய்துவிட்டு ஆள் தேடினால் வழியில் எளிதாகக் கிடைக்கிறவர்களைக் கொண்டுதான் அது நிறையும்.

தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்குமான திட்டம். 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையும் இல்லை. இருந்தும் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அங்கே அட்டை இல்லை, அல்லது அட்டை வேறு யாரிடமோ இருக்கிறது, அல்லது அட்டை இருந்தும் பொருள் வந்து சேரவில்லை. எந்த வீட்டில் எது என்று தெரிந்துகொள்வதுதான் உங்கள் பட்டியல். ஏரிக்கரையில் தொடங்குங்கள். பகலில் போனால் ஆள் இருக்காது. ஏரிக்கும் மரம் வெட்டவும் போனவர்கள் திரும்பிய பிறகு, மாலை ஆறுக்கு மேல், அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணைக் கூட வைத்துக்கொண்டு போங்கள்.

‘அட்டை இருக்கா?’ என்று கேட்டு நிறுத்தாதீர்கள், அட்டையை வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பி.எச்.எச்.–ஏ.ஏ.ஒய். (மிக ஏழைக் குடும்பம்) என்றால் வீட்டுக்கு 35 கிலோ அரிசி. பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்றால் தலைக்கு 5 கிலோ. என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றால் 20 கிலோ வரை. அதோடு எஸ் சேர்ந்திருந்தால் சர்க்கரை அட்டை, என்.சி. என்றால் பொருளில்லா அட்டை. கூலி வீட்டில் தவறுதலாக இந்தக் கடைசி இரண்டில் ஒன்று பதிவாகியிருந்தால் அங்கே ஒரு மணி அரிசி போகாது. வகை மாற்றத்துக்கு மனு எழுதுங்கள். இருளர், காட்டுநாயக்கர், குறும்பர் போன்ற தொல்குடிகள், ஆதரவற்ற முதியோர், வருமானமில்லாத கைம்பெண்கள் ஆகியோருக்கு 35 கிலோ அட்டை கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003 மே 2 அன்றே சொல்லிவிட்டது. மனுவில் அந்தத் தேதியை எழுதுங்கள்.

அடுத்து, அட்டையோடு இணைந்திருக்கும் கைப்பேசி எண் யாருடையது என்று கேளுங்கள். பொருள் போட்டால் குறுஞ்செய்தி வரும். எண் மேஸ்திரியுடையது என்றால் இவர்கள் பெயரில் என்ன போனது என்று இவர்களுக்கே தெரியாது. வாங்காத பருப்பு வாங்கியதாகப் பதிவாவது இப்படித்தான். இ-சேவை மையத்தில் எண்ணை மாற்றிவிடலாம். அட்டையே அடகில் இருந்தால் நகல் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அடகு பிடித்தவரிடம் போய்ப் பேரம் பேச வேண்டியதில்லை.

கைரேகை விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சூளையில் கல் அறுக்கிறவரின் கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். கருவி அதை எடுக்காது. ‘நாளைக்கு வாம்மா’ என்பார்கள். அந்த நாளை என்பது ஒரு நாள் கூலி. செய்ய வேண்டியது: ஈரத் துணியால் துடைத்துவிட்டு வேறு விரல்களை வைக்கச் சொல்லுங்கள், அட்டையில் உள்ள வேறு யாரையாவது வைக்கச் சொல்லுங்கள், கருவிழியைப் பார்க்கும் கருவி இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் கைப்பேசிக்கு வரும் கடவு எண். எதுவும் ஆகவில்லை என்றாலும் பொருளை மறுக்கக் கூடாது, பதிவேட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒன்றிய உணவுத் துறை 2017 அக்டோபர் 24 அன்று மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்க வேண்டாம், அவரும் கருவிக்குக் கட்டுப்பட்டவர். காகிதத்தைக் காட்டினால் அவருக்கும் பிடிமானம்.

அட்டையே இல்லாத வீட்டுக்கு ஆதார் முதல் படி. பிறப்புச் சான்றும் மின் கட்டண ரசீதும் புறம்போக்கில் எப்படி இருக்கும்? ஆதார் ஆணையத்தின் சான்றளிப்புப் படிவத்தில் படம் ஒட்டி, அரசிதழ் அலுவலரிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ கையெழுத்தும் முத்திரையும் வாங்கினால் போதும். அது மூன்று மாதம்தான் செல்லும், அதனால் பதிவு மையத்தில் நாள் உறுதி செய்துவிட்டுக் கையெழுத்துக்குப் போங்கள். வீட்டில் ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் மற்றவர்களைக் குடும்பத் தலைவர் வழியாகச் சேர்க்கலாம். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: சாதிச் சான்று வரட்டும் என்று காத்திருப்பது. பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் தர வேண்டியது, வருடக்கணக்கில் இழுக்கும். ரேஷன் அட்டைக்கு அது தேவையே இல்லை.

இளம் தம்பதிகளின் பெயர் பெற்றோர் அட்டையில் இருக்கும். அங்கே நீக்கினால்தான் புது அட்டையில் ஏறும். கணவர் விட்டுப்போன பெண்களுக்கும் இதே முட்டுக்கட்டைதான். விவாகரத்துத் தீர்ப்பைக் கொண்டு வா என்றால், கள விசாரணை செய்து பெயரைப் பிரிக்கும்படி வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வட்டத்தில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும், அங்கே கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பொருள் வராத புகாருக்கு 1967. அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட வருவாய் அலுவலர். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குறைதீர் அலுவலர் அவர்தான்.

தராசுமுள்:

பைக்குள் என்ன என்பதற்கு நான் சொல்கிறேன். 500 ரூபாய்க்குப் பை போட்டால் அதில் பெரும்பாலும் அரிசியும் சேமியாவும் ஒரு ரசப்பொடி பாக்கெட்டும் இருக்கும். அட்டை உள்ள வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் பருப்புக்கு.

கடையில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு. நான்கு பேர், முப்பது நாள். 1,000 கிராமை வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் சொச்சம். உள்ளங்கையில் வைத்தால் குழிகூட நிறையாது. புரதம் 2 கிராமுக்குள் அடங்கிவிடும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கும் தட்டில் பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்ந்து நாளைக்கு 85 கிராம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இன்னொரு மூட்டை அரிசி இதைச் சரிசெய்யாது.

அட்டை உள்ள நால்வர் வீட்டுக்கு மாதப் பை: துவரம்பருப்பு 2 கிலோ, வேர்க்கடலை 1 கிலோ, கேழ்வரகு 2 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், முட்டை 15. மொத்த விலையில் வாங்கினால் 800 ரூபாயை ஒட்டி வரும். அட்டையில்லாத வீட்டுக்கு இதோடு தலைக்கு 5 கிலோ அரிசியும் சேர்க்க வேண்டும். அப்போது 1,700 ஆகிவிடும்.

இப்போது உங்கள் பணத்தைப் போட்டுப் பாருங்கள். பொருளுக்கு 1,00,000 ஒதுக்கினால் மாதம் 33,000. அட்டையில்லா வீடு பத்து, அட்டை உள்ள வீடு இருபது, அவ்வளவுதான் முழுசாகத் தாங்கும். நூறு முப்பதாகக் குறைகிறது என்று நன்கொடையாளர்கள் முகம் சுளிப்பார்கள், சொல்லிப் புரிய வையுங்கள். ஆளுக்கொரு பாக்கெட் சேமியா கொடுத்து எண்ணிக்கை காட்டுவதில் ஒரு வயிறும் நிறையாது. மிச்சம் 50,000 முழுக்க நியாயவிலை சொன்ன வேலைக்கு: பதிவு மையத்துக்கு வண்டி, அலுவலகம் போகிற நாளின் கூலி இழப்பு, நகல் எடுக்க, படம் எடுக்க. ஒரு வீட்டுக்கு அட்டை வந்துவிட்டால் மாதம் 900 ரூபாய் அரிசிச் செலவு விடுபடும். அந்தப் பணத்தில் இன்னொரு வீட்டைப் பையில் சேர்த்துவிடலாம்.

மழைக்காலம் என்பதால் சில எச்சரிக்கை. கேழ்வரகை மாவாகக் கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் வண்டு வைக்கும். பக்கத்தில் அரவை மில் இருந்தால் தானியமாகக் கொடுத்து அரவைக் கூலியைப் பையோடு வையுங்கள், மில் இல்லையென்றால் அரைக்கிலோ மாவுப் பாக்கெட்டுகளாக இரண்டு தவணையில் கொடுங்கள். முட்டையைப் பையில் திணிக்காமல் அட்டைத் தட்டிலேயே கொண்டுபோய், மாதத்தில் இரண்டு முறை பிரித்துக் கொடுப்பது நல்லது. கொண்டைக்கடலை மலிவு என்று நிறைய வாங்கிவிடுவார்கள். நனைந்த விறகில் அது வேக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், குக்கர் இல்லாத வீட்டில் அப்படியே கிடக்கும். அந்த வீடுகளுக்குப் பாசிப்பருப்பு. பல் இல்லாத முதியவர் தனியாக இருந்தால் வேர்க்கடலைக்குப் பதில் பொட்டுக்கடலை மாவும் ரவையும். அடுப்பே இல்லாதவருக்கு உலர்பொருள் கொடுத்துப் பயனில்லை. பக்கத்து வீட்டுக்கு அரிசி, பருப்பு, விறகுக் காசு கொடுத்து இரண்டு வேளை சமைத்துத் தரச் சொல்லலாம்.

எடைச் சீட்டைப் பையில் ஒட்டுங்கள். என்ன, எவ்வளவு என்று வாங்குகிறவர் சரிபார்க்கட்டும்.

காலனித்_தெரு:

மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் ஏரிக்கரையில் தொடங்கு என்று நியாயவிலை சொன்னதை அப்படியே எடுத்து, ‘இது இருளருக்கான உதவி’ என்று பெயர் வைத்துவிடாதீர்கள். நீங்கள் பையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள். மறுநாள் ஊரில் வேலை கேட்டுப் போகிறவர் அவர்தான், ‘உனக்குத்தான் எல்லாம் வருதே’ என்ற பேச்சைக் கேட்க வேண்டியவரும் அவர்தான். ஊருக்குள்ளும் தனித்துக் கிடக்கும் ஒரு கிழவி இருப்பார், அவரும் விடுபடுவார்.

பட்டியலில் சாதி வேண்டாம், நிலைமை இருக்கட்டும். அரிசி அட்டை இல்லாத வீடு. சம்பாதிக்கிற ஆள் இல்லாத வீடு. தனித்து வாழும் பெண், திருநங்கை. படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிற வீடு. அடுப்பு எரியாத நாள் போன மாதத்தில் இருந்த வீடு. இவற்றில் இரண்டு பொருந்தினால் பட்டியலில் உண்டு என்று பலகையில் எழுதி நான்கு இடத்தில் வையுங்கள். விதியை மட்டும் எழுதுங்கள், பெயரை ஒட்டாதீர்கள். இந்த அளவுகோலைப் போட்டாலே ஏரிக்கரையும் காலனியும் முன்னால் வந்துவிடும். ஏன் அவர்களே அதிகம் என்று யாராவது கேட்டால், பலகையைக் காட்டிப் பதில் சொல்லலாம்.

யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஏழு பேர் குழு என்றால் நான்கு பேர் இந்த வீடுகளிலிருந்து வர வேண்டும், அந்த ஏழில் பாதிக்கு மேல் பெண்கள். பேர் சேர்க்கவும் அடிக்கவும் பொருள் வாங்கும் கடையைத் தேர்ந்தெடுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்க வேண்டும். ஒப்புக்கு உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குவது குழு ஆகாது. கூட்டத்தை நூலகத்தில் வைத்தால் வரமாட்டார்கள், வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். ஏரிக்கரையில், எல்லோரும் ஒரே பாயில். அரை நாள் வேலை கெட்டால் அரை நாள் கூலி கொடுங்கள். வாசகர் வட்டத்துக்காரர் இலவசமாக வரலாம், அவருக்கு மாதச் சம்பளம் இருக்கிறது.

கேள்வி கேட்கும் முறையும் பழக வேண்டும். ‘சாப்பாட்டுக்குக் கஷ்டமா?’ என்றால் ‘இல்லீங்க, ஏதோ ஓடுது’ என்றுதான் பதில் வரும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் எட்டுக் கேள்விகள் இதற்கென்றே செய்தவை. அவற்றை நம் பேச்சில் கேளுங்கள்: போன மாசம் காசு இல்லாம ஒரு வேளை விட்டது உண்டா? ஒரே சோறு, ஒரே ரசம்னு எத்தனை நாள் போச்சு? பசி எடுத்தும் சாப்பிடாமப் படுத்தது உண்டா? இவற்றைப் பெண்ணிடம், மாமியாரும் கணவரும் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். கடைசியாகச் சாப்பிடுகிறவரிடம் கேட்டால்தான் பானையில் என்ன மிஞ்சியது என்று தெரியும்.

கொடுக்கும் நாளன்று மேடை வேண்டாம், மாலை வேண்டாம், படம் வேண்டவே வேண்டாம். நன்கொடையாளருக்குக் கணக்கு வேண்டுமென்றால் கடை ரசீது, எடைச் சீட்டு, எத்தனை வீடு என்ற எண்ணிக்கை போதும். திருநங்கையோ, நோய்க்கு மருந்து எடுக்கிறவரோ பட்டியலில் இருப்பது இன்னொருவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை, அதனால் எல்லோருக்கும் ஒரே நிறப் பை. ஒரு பை ஆறு கிலோவுக்கு மேல் போகக் கூடாது, அரிசி இருந்தால் ஐந்து ஐந்து கிலோவாகப் பிரித்துக் கட்டுங்கள். இருபது கிலோ மூட்டையைக் கர்ப்பிணியோ கைத்தடி பிடித்தவரோ தூக்க முடியாது, தூக்கித் தருகிறவன் ஒரு பங்கு கேட்பான். பார்வையில்லாதவர் வீட்டுக்குப் போகும் பாக்கெட்டில் ரப்பர் பேண்ட் போடுங்கள்: பருப்புக்கு ஒன்று, ரவைக்கு இரண்டு, மாவுக்கு மூன்று. எது எதற்கு என்று முதல் முறை கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டினால் போதும்.

முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே ரேஷன் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் ஊரில் தகுதியுள்ள யாருக்கு வண்டி வரவில்லை என்று கடையில் கேட்டுப் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் சேராதவர்களுக்கு, வேறு ஒருவர் வாங்கிவர அனுமதிக்கும் அங்கீகாரப் படிவம் கடையிலேயே உண்டு.

ஏரிக்கரை_வாசகர்:

மூவருக்கும் நன்றி. பை எண்ணிக்கையைக் குறைக்கிறோம், குழுவை மாற்றுகிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். பீகார் தொழிலாளர்களை என்ன செய்வது? அடுத்தது, பள்ளி விட்டு வரும் 40 பிள்ளைகளுக்கு மாலையில் சுண்டல் கொடுக்கலாம் என்று பேச்சு. ஏரிக்கரையைச் சேர்ந்த ஓர் அக்கா சமைக்கத் தயார். ஆனால் ‘அவங்க சமைச்சா எங்க பிள்ளைங்க சாப்பிடாது’ என்று சில வீடுகளில் இப்போதே சொல்கிறார்கள்.

நியாயவிலை_72:

பீகார்க்காரர்களுக்கு அவர்கள் ஊர் அட்டையிலேயே இங்கே எந்தக் கடையிலும் வாங்கலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் வந்துவிட்டது. அட்டை எண்ணோ ஆதார் எண்ணோ போதும். ஆனால் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்ட அட்டையாக இருக்க வேண்டும். கிடைப்பது தானியம் மட்டும், நம் மாநிலத்தின் பருப்பும் பாமாயிலும் வராது. இங்கே சிக்குவது வேறொன்று: ஊரில் மனைவி முழு ஒதுக்கீட்டையும் வாங்கிவிட்டால் இங்கே கருவியில் ‘இருப்பு இல்லை’ என்று காட்டும். அவர் பங்கை விட்டுவிட்டு மற்றதை வாங்கும்படி மாதத் தொடக்கத்திலேயே வீட்டுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். இந்தி தெரிந்த ஒருவர் முதல் முறை கடைக்குக் கூடப் போனால் பாதி வேலை முடிந்தது. சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் இதே வழிதான். அவர்கள் வரத் தொடங்குவது டிசம்பர் வாக்கில், அதற்குள் ஆலையில் இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

மதியச்சோறு:

சுண்டலுக்கு வருகிறேன். அந்த அக்காவை மாற்றாதீர்கள். இந்த ஒன்றில் விட்டுக்கொடுத்தால் மற்ற எல்லாம் வீண்.

பள்ளி உணவில் சமையலர், உதவியாளர் பணிக்குத் தலித், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2004 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023-ல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த சில நாளிலேயே கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் இதே மறுப்பு வந்தது. அங்கே சமையலரை மாற்றவில்லை. அலுவலர்களும் மக்கள் பிரதிநிதிகளும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பெற்றோரிடம் பேசினார்கள், சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொன்னார்கள். உங்கள் சுண்டல் அரசுத் திட்டம் இல்லை, அந்த உத்தரவு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் வழி அதுதான்.

முதல் இரண்டு வாரம் வாசகர் வட்டத்தில் ஊருக்குள் மதிப்புள்ள இரண்டு பேர், தங்கள் பிள்ளைகளோடு, தினமும் வந்து அதே பாத்திரத்திலிருந்து வாங்கிச் சாப்பிட வேண்டும். ஒரு நாள் வந்து படம் எடுத்துவிட்டுப் போனால் எதிர்விளைவுதான். இரண்டாவது பானை கூடாது. ‘அவங்க வெட்டட்டும், இவங்க தாளிக்கட்டும்’ என்ற சமரசமும் கூடாது, அது தீண்டாமைக்கு நாமே கோடு போட்டுக் கொடுப்பது. வராத பிள்ளையைத் திட்டாதீர்கள். அவனுடைய பங்கையும் சேர்த்தே தினமும் ஊறப்போடுங்கள், எந்த நாள் வந்தாலும் அவனுக்குக் கிண்ணம் இருக்க வேண்டும். அக்காவுக்குச் சம்பளம் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில், சேவை என்று சொல்லி அரைக் கூலி கொடுக்காதீர்கள். யாராவது அவரை இழிவாகப் பேசினால் வட்டமே முன்னின்று புகார் கொடுக்கும் என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அளவு: பிள்ளைக்கு 30 கிராம் உலர்ந்த கடலை, 40 பேருக்கு 1.2 கிலோ. வெந்தால் இரண்டே கால், இரண்டரை கிலோ வரும். காலை எட்டு மணிக்கு ஊறப்போட்டால் மாலை நாலுக்குத் தயார். கருப்புக் கொண்டைக்கடலை என்றால் முந்தின இரவே. ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். 10 லிட்டர் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். எண்ணெய் 40 மில்லி, உப்பு 20 கிராம், தேங்காய் ஒன்று. செவ்வாய் கடலை என்றால் வியாழன் பாசிப்பயறு, சனி தட்டைப்பயறு. மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள், மழைக்காலத்தில் ராத்திரிக்குள் நூல் விட்டுப்போகும். எத்தனை பிள்ளை வந்தது என்று ஒரு நோட்டில் அக்காவே எழுதட்டும். எழுதத் தெரியாவிட்டால் கோடு போட்டால் போதும்.